கிட்டத்து ஓட்டக் கடை வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் பையன் கேட்கிற முதல் கேள்வி, "நார்மலா, ஸ்பெஷலா?" என்பதுதான். கம்பெனிக்கு ஒரு பெயர். எக்ஸ்பி என்பார்கள், பவர் என்பார்கள், ஸ்பீடு என்பார்கள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது யோசிக்க நேரம் ஏது? "எஞ்சின் சுத்தமா இருக்கும் அண்ணாச்சி" என்று பையன் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் தலையை ஆட்டிவிடுகிறோம். நாமும் இரண்டு வருடம் அப்படி ஆட்டியவர்கள்தாம்.

கடையில் ஒரு கிலோ துவரம் பருப்புக்கு ஒரு ரூபாய் கூடினால் மண்டிக்காரரிடம் பத்து நிமிடம் வாதாடுகிற நாம், பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஏழு எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு எதற்குக் கொடுத்தோம் என்று கேட்பதில்லை. இந்தக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம், நம் வண்டி நடுப்பாலத்தில் நின்ற பிறகுதான் வந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

யானைக்கல் பாலத்தில் நின்ற வண்டி

நம் கடை மதுரை செல்லூரில். கொள்முதல் கீழமாசி வீதியில். வைகைப் பாலம் தாண்டிப் போய்வர, ஒரு பக்கம் மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். காலையில் ஒரு நடை, பகலில் பார்சல் ஆபீசுக்கு ஒரு நடை, சாயங்காலம் ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் சரக்குப் போட ஒரு நடை. நாளுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். வண்டி 2013-ல் வாங்கிய மாருதி ஆம்னி. வாசகர்களில் பாதிப் பேரின் வண்டியும் ஓட்டமும் இதுவாகத்தான் இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

2022 கடைசியில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வண்டி விக்கத் தொடங்கியது. ஐடிலில் நடுங்கும், கிளட்சை மிதித்து வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர், "சின்ன ஓட்டம் ஓடுற வண்டிக்கு உள்ளே கரி பிடிக்கும், விலை கூடின பெட்ரோல் போடுங்க, கழுவிடும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து 95 ஆக்டேன் பெட்ரோல். முதல் ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடுவது போலவே இருந்தது. காசு கூடக் கொடுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

2025 பொங்கலுக்கு முந்தின வாரம், போகிக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஆறரை மணி. வண்டியில் வெல்லம் பன்னிரண்டு சிப்பம், பச்சரிசி நாலு மூட்டை. யானைக்கல் பாலத்தின் நடுவில் டிராபிக்குக்காக வேகத்தைக் குறைத்தோம், எஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் இரண்டு சுற்று முனகிவிட்டு பேட்டரியும் படுத்துக்கொண்டது. பின்னால் பஸ், ஆட்டோ, அத்தனை பேர் வாயிலும் நம் பரம்பரை. கடைசியில் ஒரு டாடா ஏஸ் பிடித்து, பாலத்தின் மேலேயே சரக்கை மாற்றி, கடைக்கு வரும்போது ஒன்பதரை. ஒரு சிப்பம் கீழே விழுந்து உடைந்தது பெரிதல்ல. வருடா வருடம் பொங்கலுக்கு இருபது வீட்டுச் சாமான் மொத்தமாக நம்மிடம் வாங்கும் ஒரு தெருக்காரர், அன்று காலை ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். இந்தப் பொங்கலுக்கும் அவர் நம்மிடம் வரவில்லை.

மெக்கானிக் பாய் முன் சீட்டைத் தூக்கி எஞ்சினைத் திறந்தார். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, என்ன பெட்ரோல் போடுறீங்க?"

சொன்னோம். கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம்.

"பெட்ரோல் போகாத இடத்துல பெட்ரோல் என்னத்த கழுவும்?" என்று திராட்டில் பாடியைக் கையில் கொடுத்தார். உள்ளே அடுப்புப் புகைக்கூண்டு போல் கரி. ஐடிலில் காற்று போகிற சந்து பாதி அடைத்திருந்தது. நம் ஆம்னி போன்ற எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பீய்ச்சப்படுவது அதற்கு அப்புறம், வால்வுக்குப் பக்கத்தில். திராட்டில் பாடியில் போவது காற்றும், எஞ்சின் அடியிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவியும் மட்டுமே. அங்கே பிடித்த அழுக்கை எத்தனை விலையுள்ள பெட்ரோலும் தொடாது. ஸ்ப்ரேயும் துணியும் போதும். அரை மணி நேர வேலை. பிளக்குகள் கறுத்திருந்தன. பேட்டரி நாலு வருடம் பழசு.

இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றி மேசையில் வைத்துப் பீய்ச்சவிட்டுப் பார்த்தார். மூன்றும் நன்றாகவே தெளித்தன. அது இரண்டு வருடப் பெட்ரோலின் புண்ணியமா, வண்டியின் நல்ல காலமா என்பதை ஒரு வண்டியை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே மருந்து கலந்த பெட்ரோல் வீண் என்று நாம் சொல்லவரவில்லை. நமக்கு வந்த நோய் வேறு, நாம் கொடுத்த மருந்து வேறு.

கிட்டத்து ஓட்டம் வண்டிக்கு ஏன் ஆகாது

அதிகம் ஓடினால்தான் வண்டி தேயும் என்று நினைக்கிறோம். வியாபாரி வண்டி கெடுவது பெரும்பாலும் குறைவாக ஓடியே.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஆகவே வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைவிடுகிறது. தண்ணீர் சூடேறப் பல நிமிடம் ஆகும். ஆயில் சூடேற அதைவிட நேரமாகும். நம் ஊர் வெயிலில் குளிர் நாடுகளைவிடச் சீக்கிரம் சூடேறும் என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று கிலோமீட்டரில் மண்டி வந்துவிடுகிறது. எஞ்சின் சூடாகி ஒழுங்காக எரிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் சாவியைத் திருப்பிவிடுகிறோம். எரியாமல் மிஞ்சிய பெட்ரோலில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கிறது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது புகையோடு போய்விடும். கிட்டத்து ஓட்டத்தில் சைலன்சரிலும் எஞ்சின் அடியிலும் தங்கும். காலையில் சைலன்சர் வாயில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதும் அதனால்தான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் நுரை போல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது என்று பொருள். பல நேரம் அது வெறும் கிட்டத்து ஓட்டத்தின் அடையாளம்தான். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கட் போயிருக்கலாம், உடனே காட்டிவிட வேண்டும்.

இனி கரி. ஓடிய வண்டியை அணைத்தவுடன் இன்ஜெக்டர் முனையில் ஒரு துளி பெட்ரோல் தங்கும். ஓடும்போது புதுப் பெட்ரோல் வந்து முனையைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். அணைத்ததும் அது நின்றுபோகிறது. எஞ்சின் சூடு முழுவதும் மேலே ஏறுகிறது. அந்தத் துளி சுண்டிப் பிசினாகிறது. தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெயை அப்படியே விட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அணைத்து எடுக்கிற வண்டியில் ஏழெட்டு முறை இது நடக்கும்.

இது நம் கற்பனை அல்ல. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் இன்ஜெக்டர் வைத்த கார்கள் பெருகியபோது, முனை அடைத்துக்கொண்டு வண்டிகள் விக்கத் தொடங்கின. அந்த நோயைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க ஏ.எஸ்.டி.எம். என்னும் அமெரிக்கத் தர அமைப்பு ஒரு முறை வகுத்தது. பதினைந்து நிமிடம் ஓட்டு, நாற்பத்தைந்து நிமிடம் அணைத்து வை. மறுபடி பதினைந்து நிமிடம் ஓட்டு, நாற்பத்தைந்து நிமிடம் அணைத்து வை. இப்படியே 10,000 மைல். இன்ஜெக்டரை அடைக்க வைக்க வேண்டும் என்று முயன்று கண்டுபிடித்த ஓட்டம் இது! மண்டிக்குப் போய் சிட்டை போட்டுச் சரக்கு ஏற்றித் திரும்புகிற நம் ஓட்டத்தை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போலில்லையா?

மருந்து என்பது என்ன

பெட்ரோலில் கலக்கும் சுத்தம் செய்யும் மருந்து, சோப்பைப் போன்றதுதான். ஒரு முனை அழுக்கைப் பிடிக்கும், மறு முனை பெட்ரோலோடு போகும். பாலி ஐசோபியூட்டிலீன் அமைன், பாலியீதர் அமைன் என்று இரண்டு வகை அதிகம் பயன்படுகின்றன. முதலாவது இன்ஜெக்டரையும் வால்வையும் அழுக்குப் பிடிக்காமல் காக்கும். இரண்டாவது அதிகச் சூட்டையும் தாங்கி எரியறைக்குள்ளேயும் வேலை செய்யும். கடைகளில் விற்கும் நல்ல வகைப் புட்டி மருந்துகளில் இருப்பது பெரும்பாலும் அதுவே. சேர்க்கும் அளவு பத்து லட்சம் பங்குக்குச் சில நூறு பங்கு. சாம்பாரில் பெருங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சுத்திகரிப்பு ஆலையில் சேர்ப்பதில்லை. கிடங்கில் லாரிக்கு ஏற்றும் நேரத்தில் சேர்க்கிறார்கள். ஒரு கம்பெனியின் பெட்ரோலை மற்றொரு கம்பெனி தூக்குவது இந்தத் தொழிலில் சகஜம். ஆலை ஒன்றாகவே இருக்கலாம், தாளிப்புத்தான் வேறு.

அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் ஒரு குறைந்த அளவு மருந்து சேர்க்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அந்தக் குறைந்த அளவு போதவில்லை என்று 2004-ல் பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நான்கு கார் கம்பெனிகள் சேர்ந்து டாப் டயர் என்று மேலான ஒரு தரம் வகுத்தன. 2016-ல் ஏ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க மோட்டார் சங்கம் இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், அந்தத் தரத்தில் சேராத பெட்ரோல் வால்வுகளில் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரி விட்டது. ஆகவே மருந்து வேலை செய்யும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அதே சங்கம் இன்னொன்றும் சொன்னது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இதுதான். இரண்டு பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் சராசரியாகக் காலனுக்கு மூன்று சென்ட். அன்றைய டாலர் மதிப்பில் நம் காசுக்கு இரண்டு ரூபாய். காலன் என்பது மூன்றே முக்கால் லிட்டர். லிட்டருக்கு ஐம்பது பைசாவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே!

பின் நாம் கொடுக்கும் ஏழெட்டு ரூபாய் எதற்கு? பெரும்பகுதி ஆக்டேனுக்கு. கொஞ்சம் பெயருக்கு. கொஞ்சம் வரிக்கும் போகிறது. பெயர் வைத்த பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி சாதாப் பெட்ரோலைவிடச் சற்று அதிகம்.

ஆக்டேனும் சுத்தமும் ஒன்றல்ல

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நம் பணம் போகிறது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கும் சக்தி. பிளக் தீப்பொறி விடுவதற்கு முன் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணம். அதிக அழுத்தமுள்ள எஞ்சினுக்கும், டர்போ வைத்த எஞ்சினுக்கும் அது வேண்டும். ஆம்னி, ஈகோ போன்ற சாதாரண எஞ்சினுக்குக் கம்பெனி என்ன எண் கேட்கிறதோ அது இருந்தால் போதும். அதற்கு மேல் போடுவதால் வேகமும் கூடாது, மைலேஜும் கூடாது. ஆக்டேன் எண் உயர்ந்தால் சுத்தம் உயரும் என்றும் இல்லை. 100 ஆக்டேன் பெட்ரோல் நம் நாட்டில் 2020 டிசம்பரில் வந்தபோது ஆம்னி வைத்திருந்த ஒரு நண்பர் அதையும் ஊற்றிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவருக்கு வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தது போல. தாகம் தீரும், சில்வர் டம்ளரிலும் அதே தாகம்தான் தீரும்.

நம் நாட்டில் 2002-ல் பெயர் வைத்த பெட்ரோல்கள் வரத் தொடங்கின. அன்று முதலே விளம்பரத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் பங்க் பலகையில் ஆக்டேன் எண் பெரிதாக இருக்கும். மருந்து எவ்வளவு என்று பலகையில் எழுதி நாம் பார்த்ததில்லை. நம் கடையில் பாக்கெட்டின் மேல் எடை, விலை, தேதி என்று ஒவ்வொன்றும் அச்சிடாவிட்டால் அபராதம். அது கிடக்கட்டும்.

எல்லா வண்டிக்கும் ஒரே விதியும் இல்லை. சில புது டர்போ கார்களில் பெட்ரோல் நேராக எரியறைக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அந்த வகையில் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. ஆகவே அங்கே பிடிக்கும் கரியை மருந்துப் பெட்ரோல் கழுவாது. அதில் இன்ஜெக்டர் முனை எரியறைக்குள் இருப்பதால் முனைக்கு மருந்து வேண்டும், ஆக்டேனும் வேண்டும். வீட்டில் அப்படி ஒரு கார் வைத்திருப்பவர்கள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து நல்ல பெட்ரோலே போடட்டும். கடை வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025-ல் நாடு முழுதும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் இயல்பாகவே அதிகம். ஆகவே சாதாப் பெட்ரோலின் எண்ணே பழைய 91-லிருந்து உயர்ந்திருக்கிறது. ஆக்டேனுக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் காரணம் சாதாரண வண்டிக்கு இன்னும் குறைந்துவிட்டது.

மறுபக்கம், எத்தனாலில் சூடு குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்துப் பத்து சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய டேங்க்கில் படிந்த துருவையும் பிசினையும் இளக்கிக் கொண்டுவந்து பில்டரில் சேர்க்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் பைப், ரப்பர் வாஷர்களை ஒரு முறை மெக்கானிக்கிடம் காட்டி, பில்டரைக் காலத்தில் மாற்றிவிடுவது நல்லது. விலை கூடிய பெட்ரோல் என்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிட்டையைப் போட்டுப் பார்ப்போம்

நம் வண்டி நாளுக்கு 18 கிலோமீட்டர், மாதம் 26 நாள். 468 கிலோமீட்டர். நின்று நின்று போவதால் லிட்டருக்குப் பதினொன்று கிடைத்தால் பெரிது. மாதம் 42 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 336. வருடம் 4,032 ரூபாய். இரண்டு வருடத்தில் எட்டாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு புது பேட்டரி வாங்கி, திராட்டில் பாடி சுத்தம் செய்து, பிளக்குகளையும் மாற்றியிருந்தால் பாலத்தில் நின்றிருக்க மாட்டோம். பேட்டரியைச் சொல்லக் காரணம் உண்டு: ஒரு முறை ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைத் திருப்பிச் சேர்க்க மூன்று கிலோமீட்டர் ஓட்டம் பல நேரம் போதாது. கிட்டத்து ஓட்ட வண்டியில் பேட்டரி கடன் வாங்கியே ஜீவிக்கிறது. ஒரு நாள் வட்டியோடு கேட்கும்.

ஆகவே நாம் இப்போது செய்வது இது. சாதாப் பெட்ரோல்தான் போடுகிறோம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, பாலியீதர் அமைன் என்று லேபிளில் போட்டிருக்கும் புட்டி ஒன்றை டேங்க்கில் ஊற்றுகிறோம். நம் ஓட்டத்தில் அது வருடத்துக்கு ஒரு தடவைக்குச் சற்றுக் கூட, அவ்வளவே. புட்டியை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் பெட்ரோல் அடித்தால் நன்றாகக் கலந்துவிடும். ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்று நினைக்கக்கூடாது. அளவு மீறினால் கரைந்த அழுக்கும் மருந்தும் ஆயிலில்தான் போய்ச் சேரும். ஊற்றிய டேங்க்கை ஊருக்குள்ளேயே ஓட்டித் தீர்க்காமல், கொஞ்சமாவது நெடுக ஓட்ட வேண்டும். முடிந்தால் அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலையும் மாற்றிவிடலாம். புட்டி வாங்கும் கடையும் முக்கியம். போலிச் சரக்கு எப்படி வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புட்டி, லேபிள் என்று பார்க்க நேரமில்லை என்பவர்கள், நாலு டேங்க்குக்கு ஒரு டேங்க் மருந்துப் பெட்ரோல் போட்டாலும் தவறில்லை. வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஏற்கெனவே தடித்துப் பிடித்துவிட்ட கரியை இது மெதுவாகத்தான் கரைக்கும். இன்ஜெக்டர் முழுதும் அடைத்துவிட்டால் கழற்றி மெஷினில் கழுவுவதைத் தவிர வழியில்லை.

இவற்றைவிட மலிவான மருந்து ஓட்டம்தான். வாரத்துக்கு ஒரு முறை வண்டியை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டினால் ஆயிலில் சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும், பேட்டரியும் நிறையும். வெறுமனே ஓட்டச் சொல்லவில்லை. நாம் வெளிப்பக்க வாடிக்கைகளின் சரக்கை ஒரே நாளில் சேர்த்து வைத்து ரிங் ரோடு வழியாக ஒரு சுற்று போகிறோம். பகல் நடையையும் சாயங்கால நடையையும் பல நாள் ஒன்றாக்கிவிட்டோம். அதில் மிச்சமாகும் பெட்ரோலே அந்தச் சுற்றுக்குப் போதுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டாரோடு அழகர்கோவில். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவதால் வண்டிக்கும் நல்லது. வீட்டிலும் வெகு நாள் புகார் ஒன்று தீர்ந்தது. நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் எஞ்சினை உறுமவிடுவது ஓட்டத்துக்கு ஈடாகாது. ஐடிலில் கரி கூடத்தான் சேரும்.

ஆயில் விஷயத்தில் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் கடினமான உபயோகம் என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். கல் ரோடு, தூசி இவற்றோடு அடிக்கடி சிறு தூரம் ஓட்டுவதும் அதில் சேர்த்தி. பட்டியலில் உள்ள குறைந்த இடைவெளிதான் நமக்கு. நாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு அதிலும் இன்ஜெக்டர்தான். விலை கூடிய பெட்ரோல் அதற்குத் தேவையே இல்லை. ஆயிலும் பிளக்கும் பார்த்துக்கொண்டால் மூட்டையோடு எங்கும் போகும். ஈகோவில் கேஸ் வைத்து ஓட்டுபவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கில் மாதக்கணக்கில் கிடந்து கெடும், இன்ஜெக்டரும் சும்மா கிடந்து அடைக்கும். கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டு, வாரத்தில் சில கிலோமீட்டராவது அதில் ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

பங்க்கில் கேட்க வேண்டியது

கலப்படப் பெட்ரோலில் எந்த மருந்தும் வேலை செய்யாது. பங்க்கில் பில்டர் பேப்பர் கேட்டு, நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு துளி விட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்துவிடும். அடர்த்தி எண்ணைத் தினமும் எழுதி வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லலாம். லாரி இறக்கும்போது பதிந்த எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அளவு சந்தேகமானால் ஐந்து லிட்டர் முத்திரைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். நம் தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை போடும் அதே தொழிலாளர் துறைதான் பங்க் மெஷினுக்கும் முத்திரை போடுகிறது. நம் கடையில் யாராவது தராசைக் காட்டச் சொன்னால் நாம் கோபிப்பதில்லை. பங்க்காரரும் வியாபாரிதான், பக்குவமாகக் கேட்டால் அவரும் கோபிக்க மாட்டார். நாம் இரண்டு முறை கேட்டோம். ஒரு முறை டீயும் வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் அதே பங்க், அதே பையன். "ஸ்பெஷல் போடவா அண்ணாச்சி?" என்றான்.

"நார்மல். ஆயிரத்துக்குப் போடு தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் மெஷினில் சைபர் பார்த்துக்கொண்டோம்.